ஸான்டாமில் ஜார் பீட்டர் தங்கிய வீடு: அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

பொன்மலைப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வீனில் இருக்கிறோம். திருச்சியிலிருந்து அப்பா வந்திருக்கிறார். பொன்மலை ரயில்வே பணிமனையில் தச்சுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே எதைக் காட்டினாலும் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் உட்கார பெஞ்சு தேடுவார். வான் கோ படங்களுக்கும் அதே பதில்தான், துலிப் தோட்டத்துக்கும் அதே பதில்தான்.

பழைய காற்றாலைகள் நிற்கும் ஸான்ஸ ஸ்கான்ஸ் போன அன்று மட்டும் வேறு மனிதராகிவிட்டார். காற்றாலையில் மரம் அறுக்கிறார்களே, அந்த ஆலைக்குள் போனவரை வெளியே கூட்டிவர முடியவில்லை. ரம்பம் மேலும் கீழும் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆலைக்காரரிடம் தமிழிலேயே ஏதோ கேட்டார், அவர் டச்சில் ஏதோ சொன்னார், இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். அப்புறம் அந்த ஆலை 2007ல் திரும்பக் கட்டியது என்று பலகையில் படித்துச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

திரும்பும் வழியில் ஸான்டாமில் இறங்கி ஊருக்குள் நடந்தோம். சதுக்கத்தில் ஒரு சிலை. நெட்டையான ஆள் குனிந்து படகு வேலை செய்துகொண்டிருக்கிறார். ஊர்ப் பெரிய தச்சராக இருக்கும் என்று அப்பா நினைத்தார். ரஷ்ய ஜார் பீட்டர், இங்கே ஒரு சின்ன மரவீட்டில் தங்கி கப்பல் வேலை கற்றுக்கொண்டார், அந்த வீடு இப்போது மியூசியம் என்று என் கணவர் போனில் பார்த்துச் சொன்னார். அன்று நேரமாகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு மேசையில் "அந்த ராஜா வீட்டுக்கு எப்ப?" என்கிறார்.

போய்வந்தவர்கள் சொல்லுங்கள். பார்க்கும்படி இருக்கிறதா? அவருக்கு முழங்கால் வலி உண்டு, படி ஏற வேண்டியிருக்குமா? அது உண்மையிலேயே பழைய வீடுதானா? இதுவும் திரும்பக் கட்டியது என்றால் நான் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்.

ஹேக் கார்த்தி:

நாங்கள் குழந்தைகளோடு போனோம். உண்மையைச் சொல்கிறேன், இரண்டே அறை. ஒரு மேசை, நாலு நாற்காலி, சுவருக்குள் ஒரு படுக்கை, கணப்படுப்பு. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பசங்க "இவ்வளவுதானா?" என்று கேட்டார்கள், எனக்கும் அதே கேள்விதான். அப்பாவுக்கு மரவேலையில் ஆர்வம் என்றால் ஆம்ஸ்டர்டாம் கப்பல் மியூசியத்துக்குக் கூட்டிப் போங்கள். வாசலில் முழுக் கப்பலே நிற்கிறது.

ஸான் கரையான்:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்தான். 90களில் ஒல்லாந்துக்கு, அதாவது இந்த நெதர்லாந்துக்கு, வந்தவன், கனகாலமாக ஸான்டாமில்தான் வீடு. ஊரிலிருந்து யார் வந்தாலும் கடைசியில் அந்த வீட்டுக்குத்தான் கூட்டிப் போவேன். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கேள்விகள். வீடு பழையதுதான், 1632ல் கட்டியது. மாடி ஏற வேண்டியதில்லை. ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலில் இருந்து ரயிலில் பன்னிரண்டு நிமிடம்தான். பச்சை வீடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கின மாதிரி ஒரு ஹோட்டல் ஸ்டேஷனை ஒட்டி நிற்கும், அதைத் தாண்டி கடைத்தெருவோடு நேரே நடந்தால் நீங்கள் பார்த்த சிலை வரும். அங்கிருந்து கிரிம்ப் தெரு கொஞ்சத் தூரம்தான். அப்பா மெதுவாக நடக்கலாம். மியூசியம்கார்ட் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். திறக்கிற நேரம் மாறும், கிளம்புமுன் ஸான்ஸ் மியூசியத்தின் இணையதளத்தில் பாருங்கள், அவர்கள்தான் இதையும் பராமரிக்கிறார்கள்.

தெருவில் போய் நின்றால் செங்கல் கட்டடம் ஒன்றுதான் தெரியும். விலாசம் பிழை என்று திரும்பிவிடாதீர்கள். மரவீடு அதற்குள்ளே இருக்கிறது.

கார்த்தி சொன்னதில் பொய் இல்லை. பார்க்கிறதுக்கு மட்டும் போனால் கால் மணி நேரம் கூட அதிகம். கதை தெரிந்து போகவேண்டிய இடம் அது. நான் கேட்டதையும் வாசித்ததையும் எழுதுகிறேன், அப்பாவுக்கு ரயிலில் வைத்துச் சொல்லுங்கள்.

1697. பீட்டருக்கு 25 வயது. அசோவ் கோட்டையைத் துருக்கியரிடமிருந்து பிடிக்கப் போய் 1695ல் தோற்றார், அடுத்த ஆண்டு ஆற்றங்கரையில் கப்பல்கள் கட்டிக்கொண்டு போய்ப் பிடித்தார். கப்பல் இல்லாமல் ரஷ்யாவுக்கு எதிர்காலம் இல்லை என்பது அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. 250 பேருக்கு மேல் கொண்ட ஒரு பெரிய தூதுக்குழு மேற்கு நாடுகளுக்குக் கிளம்பியபோது, அதற்குள்ளே பியோத்தர் மிகைலோவ் என்ற பெயரில் சாதாரண ஆள் போல ஒளிந்துகொண்டு தானும் வந்தார். ஆறரை அடிக்கு மேல் உயரமான ஆள், முகம் வேறு அடிக்கடி வெட்டி இழுக்கும். எங்கே ஒளிவது!

ஸான்டாமைப் பற்றி அவருக்குச் சொன்னது ரஷ்யாவில் வேலை செய்த இந்த ஊர்த் தச்சர்கள். உலகத்திலேயே எங்கள் ஊர்க் கப்பல்தான் கப்பல் என்று அவர்கள் பெருமை பேசியிருப்பார்கள், யார்தான் பேசமாட்டார்கள். அந்த நாட்களில் இந்த ஆற்றங்கரை முழுக்கக் கப்பல்பட்டறைகள். காரணம் நீங்கள் பார்த்த அந்த அறுப்பு ஆலைதான். 1590களில் கொர்னேலிஸ் கொர்னேலிஸோன் என்ற ஒல்லாந்தர், காற்றாடி சுழல்வதை ரம்பம் ஏறி இறங்குவதாக மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார். ஆம்ஸ்டர்டாமில் கையால் மரம் அறுக்கிறவர்களின் சங்கம் அதை ஊருக்குள் விடவில்லை. ஆலைகள் எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்டன. பலகை மலிவு, ஆகவே கப்பலும் மலிவு. அப்பாவுக்கு இது உடனே பிடிபடும்.

ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. தூதுக்குழுவைப் பின்னால் விட்டுவிட்டு, சில ஆட்களோடு படகில் வருகிறார் பீட்டர். ஆற்றில் ஒருவர் விலாங்கு மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார். பார்த்தால் கெரிட் கிஸ்ட் என்ற கொல்லர், முன்பு ரஷ்யாவில் ஜாரிடம் வேலை பார்த்தவர். பீட்டர் கூப்பிட்டு, உன் வீட்டில்தான் தங்குவேன் என்கிறார். கிஸ்ட் திடுக்கிட்டுப் போனார். கொல்லனுடைய வீடு, பின்னறையில் ஒரு விதவை வாடகைக்கு இருக்கிறார். அந்த அம்மாவுக்கு 7 கில்டர் கொடுத்து வேறு இடம் பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பின்னறைதான் ரஷ்யச் சக்கரவர்த்தியின் அரண்மனை. அந்த அம்மா எங்கே போனார், என்ன ஆனார் என்று நான் ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன், யாரும் எழுதிவைக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போய்த் தச்சு ஆயுதங்கள் வாங்கினார். லின்ஸ்ட் ரோக் என்பவரின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை முடிந்ததும், ரஷ்யாவில் இருக்கும் ஸான்டாம் தச்சர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களுடைய மனைவிமாரோடும் தாய்மாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார், ஜின் குடித்தார். இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் சேதி கொண்டுவந்த ஆளை ஒரு தாய் எப்படி உபசரிப்பாள் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்.

ஆனால் ரகசியம் ரெண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ரஷ்யாவில் இருந்த ஒரு ஸான்டாம்காரர் ஊருக்கு எழுதிய கடிதத்தில் ஜாரின் அடையாளம் எல்லாம் இருந்தது: உயரம், தலை ஆட்டம், கை வெட்டு, கன்னத்து மரு. அது முடிவெட்டுகிறவர் கடைக்கு வந்து சேர்ந்தது. ஒரு சேதியைப் பரப்ப வேறு இடமே வேண்டாம். இன்னொன்றும் நடந்தது. பீட்டர் தொப்பி நிறையப் பிளம்ஸ் பழம் வாங்கித் தின்றுகொண்டே தெருவில் வருகிறார். பெடியன்கள் கேட்டார்கள். சிலருக்குக் கொடுத்தார், சிலருக்குக் கொடுக்கவில்லை. கிடைக்காதவர்கள் கல்லும் மண்ணும் எடுத்து எறிந்தார்கள். ரஷ்யச் சக்கரவர்த்தி ஓடிப்போய் ஒரு சத்திரத்துக்குள் நுழைந்துகொண்டார். தங்கள் அடையாளம் தெரியாமல் இருக்க விரும்பும் பெரிய மனிதர்களுக்கு யாரும் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று ஊர் நிர்வாகம் அறிவிப்புப் போட்டது. அதற்குப் பிறகு, தெரியாமல் இருந்த ஒன்றிரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. இதையெல்லாம் அந்தக் காலத்துத் துணி வியாபாரி ஒருவர், நோமன் என்று பெயர், குறிப்பாக எழுதிவைத்திருக்கிறார்.

வார முடிவில், அணைக்கட்டின் மேலாக ஒரு கப்பலை இழுத்துக் கடத்துவதைக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குவிந்தார்கள், கப்பலைப் பார்க்க அல்ல. கூட்டத்தைப் பார்த்ததும் பீட்டர் கதவை அடித்துச் சாத்திவிட்டு உள்ளேயே இருந்துவிட்டார். மறுநாள் 25ஆம் தேதி, பலத்த காற்றில், தான் வாங்கின படகில் தானே பாய் விரித்து ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான். எட்டு நாள். இங்கே அவர் ஒரு கப்பலும் கட்டி முடிக்கவில்லை, கற்றுக்கொண்டதும் பெரிதாக இல்லை. ஸான்டாம் பட்டறைகள் வியாபாரக் கப்பலுக்குப் பேர்போனவை, அவருக்கு வேண்டியது போர்க்கப்பல். நேராகச் சொன்னால் இந்த ஊரில் அவருடைய காரியம் சரிவரவில்லை. ஊர்க்காரனாக இருந்துகொண்டு இதைச் சொல்வது சரியில்லைதான், ஆனால் நடந்தது அதுதான்.

உண்மையான படிப்பு ஆம்ஸ்டர்டாமில். நகரத் தலைவர்களில் ஒருவரான நிகோலாஸ் விட்சன், ஓஸ்டன்பர்க் தீவில் இருந்த ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மூடிய பட்டறைக்குள் இடம் வாங்கிக் கொடுத்தார். வேடிக்கை பார்க்கும் கூட்டம் அங்கே உள்ளே வர முடியாது. நான்கு மாதத்துக்கு மேல், 'பீட்டரும் பவுலும்' என்ற கப்பலை ஆரம்பத்திலிருந்து கட்டும் வேலையில் நின்றார். கெரிட் கிளாஸ் பூல் என்ற தலைமைத் தச்சர் அவருக்குச் சான்றிதழும் கொடுத்தார். அந்தக் கம்பெனிதான் அப்போது எங்கள் யாழ்ப்பாணத்தையும் உங்கள் நாகப்பட்டினத்தையும் வைத்திருந்தது. நாகப்பட்டினம் 1690 முதல் அவர்களுடைய சோழமண்டலத் தலைமையிடம். அந்தப் பட்டறை இருந்த இடத்தில் நின்றால் எனக்கு இது நினைவு வராமல் இராது.

இப்போது எனக்கு ஆச்சரியமான விஷயத்துக்கு வருகிறேன். நான்கு மாதம் உழைத்த இடத்தை யாரும் கண்ணாடிக்குள் வைக்கவில்லை. எட்டு நாளில் ஓடிப்போன கொல்லன் வீடுதான் நிற்கிறது. ஏன்?

பீட்டருக்காக இல்லை என்பேன். ஒரு கலியாணத்துக்காக. 1816ல் ஒல்லாந்து இளவரசர் வில்லெம், ரஷ்ய ஜார் அலெக்சாந்தரின் தங்கை அன்னா பாவ்லோவ்னாவைக் கலியாணம் செய்தார். 1818ல் மன்னர் முதலாம் வில்லெம் இந்த வீட்டை வாங்கி மருமகளுக்குப் பரிசாகக் கொடுத்தார். ஒரு இளவரசிக்கு மாமனார் தருகிற சீர், சேற்று நிலத்தில் சாய்ந்து நிற்கிற கொல்லன் வீடு! ஆனால் அந்தப் பெண்ணுக்கு இந்த நாட்டில் ஊர் மணம் வீசுகிற ஒரே கூரை அதுவாகத்தான் இருந்திருக்கும். மழையும் காற்றும் படாமல் 1823ல் அதற்கு மேல் ஒரு கட்டடம் எழுப்பினவர் அவர்தான். அது மட்டும் இல்லையென்றால் இந்த ஊரின் மற்ற மரவீடுகள் போல இதுவும் எப்போதோ விறகாகிப் போயிருக்கும்.

அதற்கு முன்பும் பின்பும் வந்த பெரிய மனிதர்களின் வரிசை பெரிது. நெப்போலியன் 1811ல் வந்தார். அலெக்சாந்தர் 1814ல் வந்து, கணப்படுப்பின் மேல் பளிங்குப் பலகை ஒன்று பதித்தார். 1839ல் அப்போதைய ரஷ்யப் பட்டத்து இளவரசர் வந்தபோது கூடவந்த கவிஞர், உன் பேரரசின் தொட்டில் இதுதான் என்று உருகிக் கவிதை எழுதினார். எட்டு நாள் வாடகை அறைக்கு இது கொஞ்சம் அதிகம். ஆனால் ராசாவோடு வந்த புலவர் வேறு என்ன பாடுவார்.

சாதாரண ஆட்களும் சும்மா போகவில்லை. பலகைச் சுவர் முழுக்கப் பேர் கீறிவைத்திருக்கிறார்கள், யன்னல் கண்ணாடியிலும்கூட. நம் ஊரில் கோவில் சுவரில் பேர் எழுதுகிறவர்களைத் திட்டுவோம், இங்கே அந்தக் கிறுக்கல்களையும் சேர்த்துத்தான் பாதுகாக்கிறார்கள். எனக்கு மேசை கதிரையைவிட அவற்றை வாசிப்பதுதான் பொழுதுபோக்கு.

ஹேக் கார்த்தி:

இதைப் படித்துவிட்டுப் போயிருந்தால் என் பசங்களிடம் கல்லெறிந்த கதையாவது சொல்லியிருப்பேன். மரவீட்டைப் பற்றி எழுத கரையானே வந்தது பொருத்தம்தான், அண்ணா. ஆனாலும் என் கருத்து மாறவில்லை. கதை நன்றாக இருக்கிறது, வீட்டில் பார்க்க அதிகம் இல்லை.

பொன்மலைப் பெண்:

அண்ணா, மிக்க நன்றி. முழுவதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த விதவை அம்மாவை வெளியே அனுப்பிய இடத்தில் "அநியாயம்" என்றார். அறுப்புச் சங்கம் ஆலையை விடாத இடத்தில் "செய்யத்தான் செய்வான், சோறு போகுதுல்ல" என்றார்.

அவருக்கு ரெண்டு சந்தேகம். சதுப்பு நிலத்தில் ஒரு ஏழையின் மரவீடு நானூறு வருஷம் எப்படி நிற்கும்? என்ன மரம்? இன்னொன்று, கப்பலை அந்தக் காலத்தில் வரைபடம் வைத்துக் கட்டினார்களா, கண்மதிப்பில் கட்டினார்களா? இதைக் கட்டாயம் கேட்கச் சொன்னார். பணிமனையில் இவருக்கும் வரைபடப் பிரிவுக்கும் கடைசிவரை ஒத்துப்போனதில்லை என்பது வேறு கதை.

ஸான் கரையான்:

அப்பா கேட்ட ரெண்டாவது கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. பீட்டரே கேட்ட கேள்வி அது.

ஓஸ்டன்பர்க்கில் நான்கு மாதம் கோடரி பிடித்த பிறகு, கப்பலின் வடிவத்தைக் கணக்குப் போட்டு வரைந்து காட்டுங்கள் என்று கேட்டார். ஒல்லாந்துத் தச்சர்களால் முடியவில்லை. அவர்களுக்குக் கை பழக்கம், கண் பழக்கம், அப்பன் சொல்லிக்கொடுத்த அளவு. கப்பல் அருமையாக மிதக்கும், ஆனால் ஏன் மிதக்கிறது என்று தாளில் காட்டமாட்டார்கள். பீட்டருக்கு மனம் விட்டுப்போனது. ரஷ்யாவுக்குத் திரும்பி ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவருக்குக் கண்மதிப்பை எப்படி மூட்டை கட்டிக்கொண்டு போவது? இங்கிலாந்தில் வரைபடம் போட்டுக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு 1698 தொடக்கத்தில் அங்கே போனார். பிற்பாடு தன் கடற்படைச் சட்டத்துக்கு எழுதிய முன்னுரையில் இதைத் தானே சொல்லியிருக்கிறார். அப்பா யார் பக்கம் நிற்பார் என்று எனக்குத் தெரியும். நானும் அந்தப் பக்கம்தான், ஆனால் ஜார் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

வீட்டு விஷயம். பழைய கப்பல்களை உடைத்தெடுத்த மரத்தில் கட்டியது என்கிறார்கள். கப்பல்பட்டறை ஊரில் அதுதானே கைக்கு மலிவாகக் கிடைக்கும். நிலம் நீர் ஊறின கரிமண், எதை வைத்தாலும் மெல்ல மெல்லப் புதையும். இந்த வீடும் சாய்ந்துதான் நிற்கிறது. உள்ளே நடக்கும்போது கால் ஒரு பக்கமாக இழுக்கும், அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிமிர்த்திப் புதிதாக்காமல் சாய்ந்ததைச் சாய்ந்தபடியே தாங்கிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். தச்சருக்கு அந்தத் தாங்கு மரங்களே ஒரு மணி நேரத்துக்குக் காணும்.

இப்போது இருக்கும் செங்கல் கட்டடம் 1895ல் வந்தது. 1886ல் அன்னாவின் மகன் மூன்றாம் வில்லெம் மன்னர், வீட்டை ரஷ்ய ஜாருக்கே கொடுத்துவிட்டார். அதனால் ஸான்டாம் நடுவில் ரஷ்யப் பணத்தில் கட்டின கூடு. புரட்சியில் ஜார் குடும்பம் போனபிறகு இழுபறியாகி, 1948ல் ஒல்லாந்து அரசிடம் வந்தது. நீங்கள் பார்த்த சிலையும் கடைசி ஜார் நிக்கலாஸ் 1911ல் கொடுத்ததுதான். அதன் மூலச் சிலை ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தது, புரட்சிக்குப் பிறகு அதை அகற்றி அழித்துவிட்டார்கள். 1996ல் இங்கே இருப்பதை வைத்து ஒரு நகல் செய்து அந்த ஊருக்கு ஒல்லாந்து திருப்பிக் கொடுத்தது.

நேவா டாக்டர்:

நடுவில் வருகிறேன். நான் பீட்டர்ஸ்பர்க்கில் எம்.பி.பி.எஸ். படித்தவள், இப்போது மதுரையில் இருக்கிறேன். அந்த ஊரிலும் பீட்டரின் குடிசை என்று ஒரு வீடு உண்டு. 1703 மே மாதம் நகரத்தைத் தொடங்கியபோது சிப்பாய்கள் மூன்றே நாளில் பைன் கட்டைகளை அடுக்கிக் கட்டிக்கொடுத்தது. மொத்தமே 60 சதுர மீட்டர்தான், ஹாஸ்டலில் எங்கள் தளத்துச் சமையலறைக்குப் பக்கத்தில் நாங்கள் கூடும் ஹால் அதைவிடப் பெரிதாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால், கட்டைச் சுவரைச் செதுக்கிச் சமப்படுத்தி, மேலே செங்கல் போலவே வண்ணம் அடித்திருக்கிறார்கள். டச்சு வீடு மாதிரி தெரிய வேண்டுமாம்! டச்சு நாட்டில் அவர் தங்கியதே மரவீடுதான் என்று இந்தத் திரியில்தான் தெரிந்துகொண்டேன். அதற்கும் மேலே நிஜச் செங்கலில் ஒரு கூடு கட்டி வைத்திருக்கிறார்கள், 1840களில் கட்டியது. குளிர்காலத்தில் போனால் உள்ளே ஆளே இருக்காது, காவலுக்கு இருக்கும் பாட்டி மட்டும் நம் பின்னாலேயே வருவார்.

சின்னக் கூரை அவருக்குப் பிடிக்கும் என்று எங்கள் ஆசிரியை சொல்வார். ஆறரை அடி ஆளுக்கு அது விசித்திரமான ஆசை.

ஹேக் கார்த்தி:

அதே சந்தேகம்தான் எனக்கும். ஸான்டாம் வீட்டில் சுவருக்குள் இருக்கும் அந்தப் படுக்கையில் என் எட்டு வயது மகனைப் படுக்க வைத்தாலே கால் இடிக்கும் போல இருந்தது. ஆறரை அடி மனிதர் அதில் எப்படித் தூங்கினார்?

ஸான் கரையான்:

உட்கார்ந்தபடி. அந்தக் காலத்தில் இங்கே தலையணைகளை அடுக்கிப் பாதி சாய்ந்துதான் தூங்குவார்கள், எல்லாப் பழைய வீடுகளிலும் படுக்கை அந்த அளவுதான். ஆனாலும் அவர் மடங்கித்தான் கிடந்திருக்கவேண்டும்.

கிஸ்டுக்கு ஒரு அதிர்ஷ்டம், விருந்தாளி எட்டு நாளில் போய்விட்டார். இங்கிலாந்தில் டெப்ட்ஃபர்ட் என்ற இடத்தில் ஜான் ஈவ்லின் என்பவரின் வீட்டைப் பீட்டருக்குக் கொடுத்தார்கள். போனபிறகு பார்த்தால் கதிரைகள் உடைந்து, படங்களில் ஓட்டை, ஈவ்லின் வருடக்கணக்காக வளர்த்த வேலியைத் தள்ளுவண்டி ஓட்டிக் குலைத்திருந்தார்கள். சேதத்தைக் கணக்கெடுக்கப் போனவர் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோஃபர் ரென். 350 பவுண்டு சொச்சம் வந்தது, அரசாங்கம் கட்டியது. அந்த வீடு இன்று இல்லை. கொல்லன் வீடு மட்டும் தப்பிவிட்டது.

பொன்மலைப் பெண்:

போய்வந்தோம்! கார்த்தி, கால் மணி நேரம் என்றீர்கள். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, அதிலும் நான்தான் கிளப்பிக் கூட்டிவந்தேன்.

செங்கல் கட்டடத்தைப் பார்த்ததும் அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே மரம் தெரிந்ததும் பேச்சே இல்லை. ஜார் படம், பளிங்குப் பலகை எதையும் அவர் கவனிக்கவில்லை. பலகைகள் சேரும் இடங்களாகப் பார்த்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் குனிந்து நின்றார். தொடக்கூடாது என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். எது பழைய மரம், எதைப் பிறகு மாற்றியிருப்பார்கள் என்று எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார். அங்கிருந்த பெண்மணி என்ன சொல்கிறார் என்று கேட்டார், மொழிபெயர்த்தேன். சில இடங்களில் தலையசைத்தார், ஒரு இடத்தில் இல்லை என்றார். அந்த ஒரு இடத்தை அப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

படுக்கையைப் பார்த்து, "முதலில் இதை நீட்டிக் கொடுத்துட்டுத்தான் கப்பல் பட்டறைக்குப் போயிருக்கணும்" என்றார். ஜார் நல்ல தச்சராக இருந்திருப்பாரா என்று கேட்டேன். "நாலு மாசம் போதாது. ஆனா ஆயுதத்தை அவரே கடைக்குப் போயி வாங்கினார் பாரு, அது சரி" என்றார்.

இப்போது ஓஸ்டன்பர்க் போகவேண்டுமாம். அங்கே ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

ஸான் கரையான்:

பெரிய சரக்கு மாளிகை 1822ல் இடிந்து விழுந்துவிட்டது, கப்பல் கட்டின தளமும் இல்லை. கயிறு திரிக்கிற கூடத்தின் முகப்புக் கட்டடம் ஓஸ்டன்பர்க் கால்வாய்க் கரையில் இருக்கிறது, அதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே ஜார் பீட்டர் பெயரில் ஒரு தெரு, இப்போது நல்ல கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் வந்துவிட்டன, டிராம் அதன் வழியாகவே போகும். மத்தியானம் அங்கே சாப்பிட்டுவிட்டு கார்த்தி சொன்ன கப்பல் மியூசியத்துக்கு நடந்தே போய்விடலாம். அது 1656ல் கட்டிய கடற்படைக் கிடங்கு. வெளியே நிற்கும் கம்பெனிக் கப்பல் 1980களில் தொடங்கிக் கட்டின நகல், அதை முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். கப்பலுக்குள் கூரை தாழ்வு, ஏணி செங்குத்து. முழங்காலுக்கு ஆகாது, மேல்தளத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.